எழுப்ப வேண்டியவர்

அமெரிக்காவில், கொலம்பஸ் நகரின் வட ஓரத்தில் ஒரு பழைய மால் இருக்கிறது. கடைகளெல்லாம் மூடிப்போய்ப் பல வருடங்களாகின்றன. செருப்புக்கடையும் துணிக்கடையும் இருந்த தளங்களில் இப்போது பிள்ளைகள் வரிசையாகத் தூங்குகிறார்கள். பாதிக்கு மேல் நம் ஊர்ப் பிள்ளைகள். வாசல் பலகையில் நீளமான மருத்துவப் பெயர் ஒன்று உண்டு, அதை நம் ஆட்கள் வாயால் சொல்வதில்லை. ஹாஸ்டல் என்போம். "பொண்ணு எங்க?" என்று யாராவது கேட்டால் "ஹாஸ்டல்ல இருக்கா" என்றால் போதும். கேட்பவருக்குப் புரிந்துவிடும், சொல்பவரும் மேற்கொண்டு விளக்கவேண்டியதில்லை.

ஹாஸ்டல் என்று ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகவேண்டும், கட்டுச்சோறு கொண்டுபோகவேண்டும். பிள்ளைகள் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் கார் நிறுத்துமிடத்தில் டிக்கிகள் திறக்கும். ஒன்றில் புளியோதரை, ஒன்றில் பிரியாணி, ஒன்றில் அவியல். உள்ளே போய்க் கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று பேச்சை மாற்றுவார்கள். இந்த ஜனங்களை என்னவென்று சொல்வது? நானும் அதில் ஒருத்திதான்.

எனக்கு அங்கே பிள்ளை இல்லை. தோழி ஸ்டெல்லாவுக்குத் துணையாகப் போவேன். நாகர்கோவில்காரி. அவள் மகள் ஜெனி இருபது வயதில் உள்ளே போய் இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. அவளுக்கு இன்னும் இருபதுதான். "ஜெனிக்கா, ஜெனிக்கா" என்று அவள் பின்னாலேயே சுற்றிய என் மகள் சாருமதி, இப்போது அவள் வயதை எட்டிப் பிடித்துவிட்டாள். ஞாயிறு தவறாமல் கண்ணாடிக்கு உள்ளேயே போய் ஜெனியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். பெற்றவர்களையே வெளியே நிறுத்தும் காவலர் இவளை மட்டும் ஏன் உள்ளே விடுகிறார் என்று நான் யோசித்ததில்லை. என் மகளுக்கு வாய் சாமர்த்தியம் அதிகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சாருவுக்கும் ஹாஸ்டலில் இடம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை சேர்க்கவேண்டும் என்று என் கணவர் பாண்டியன் ஒரே வரியில் சொன்னார். அவர் தன் அக்காவுக்கு, ராஜபாளையத்துக்கு, வீடியோவில் விவரமாகச் சொன்னார். எனக்குச் சொல்ல முடியாததையெல்லாம் அவர் அக்காவுக்குச் சொல்லுவார், நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொள்ளவேண்டும்.

"அதெப்படிடா, தூங்கினா வயசு ஏறாதா?" என்றார் மதினி. "நானுந்தான் தினமும் தூங்கறேன். ஏறிக்கிட்டுல்ல இருக்கு?"

"இது வேற தூக்கம்க்கா. ரத்தத்தக் குளுர வச்சு ஒடம்ப அப்படியே நிப்பாட்டி வச்சிருவாங்க. நகம்கூட வளராது. மொதல்ல கிட்னிக்குக் காத்திருந்த நோயாளிங்களுக்குத்தான் கொண்டாந்தாங்க. அப்புறம் கோர்ட்ல கேஸ் வந்துச்சு, நின்னுபோன ஒடம்புக்கு வயசு ஏறுமா ஏறாதான்னு. ஏறாதுன்னு தீர்ப்பாயிருச்சு. அதப் புடிச்சுக்கிட்டாங்க நம்ம விசா வக்கீலுங்க."

"நம்ம பிள்ளைக்கு என்னடா நோயி?"

"நோயெல்லாம் இல்லக்கா. வயசுதான். இருபத்தொண்ணு முடிஞ்சா என் கிரீன் கார்டு மனுவுல இருந்து அவ பேரு உதிர்ந்துரும். அதுக்கப்புறம் அவ தனி. படிக்க ஒரு விசா, படிச்சு முடிச்சா ஒர்க் விசா லாட்டரி. விழுந்தா இருக்கலாம், விழாட்டி கெளம்பவேண்டியதுதான். ரெண்டு வயசுல இங்க வந்த பிள்ளை, எங்க போவா? கிரீன் கார்டு வரிசையில என் முறை வர்ற டேட் வரைக்கும் தூங்கினான்னா வயசு நிக்கும், பேரும் நிக்கும்."

"டேட் எப்ப வரும்?"

"வந்துரும்க்கா."

மதினி விடவில்லை. "அதுக்கு வேற நாட்டுக்குப் போலாமேடா" என்றார். நான் ஒரு வருடமாகத் தொண்டை வறளச் சொன்னதை மதினி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இவர் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

வேறு நாடு ஒன்று எங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. சரியாகச் சொன்னால் என்னைக் கூப்பிட்டது. நான் மதுரையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்தவள். இங்கே என் விசாவுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கனடாவில் ரெஜைனா என்கிற ஊரில் என் படிப்புக்கு மதிப்பிருந்தது. நானே விண்ணப்பித்தேன், நானே பரீட்சை எழுதினேன். நிரந்தரமாகக் குடியேற அழைப்பு வந்தது. என்னோடு கணவரும் வரலாம். அந்த நாட்டுக் கணக்கில் சாரு இன்னும் குழந்தைதான், அவளும் வரலாம். பதில் சொல்லக் கடைசி நாள் அதே வெள்ளிக்கிழமை.

"திருச்செந்தூர்ல தர்ம தரிசன வரிசையில நிக்கோம். சந்நிதி கண்ணுக்குத் தெரியுது. இப்பப் போய் வெளிய வான்னா வருவியா?" என்றார் இவர்.

"நடை சாத்திட்டாங்கன்னா?"

"ஒனக்கு அவநம்பிக்கை, வடிவு."

"ஒங்களுக்கு ரெஜைனாவுல என் பேருக்குக் கீழ உங்க பேரு வர்றது கஷ்டமா இருக்கு. அதச் சொல்லுங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் அவருக்குச் சுருக்கென்றது. பாதித் தோசையில் எழுந்து போனார். சாரு அவர் தட்டில் மிச்சமிருந்த தோசையை எடுத்துத் தின்றுகொண்டே, "ரெண்டு பேரும் எது சொன்னாலும் சரி" என்றாள். அவள் எதற்கும் அப்படித்தான். "எனக்கு ஓகே" என்பாள். அது எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நிமலனைப் போய்ப் பார்க்கலாம் என்பது என் யோசனை. இங்கே எங்களுக்குத் தெரிந்த கற்பகத்தின் மகன். நாலு வருடம் ஹாஸ்டலில் இருந்து, டேட் வந்து, போன மாதம் எழுந்தவன். கிரீன் கார்டும் கிடைத்துவிட்டது. இவர் அவனை வெற்றிக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, உதாரணத்தை நேரிலேயே பார்க்கலாமே என்று மூன்று பேரும் போனோம்.

மத்தியான வெயிலில் அந்த வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஹாலில் சோபா இல்லை, மரநாற்காலிகள்தான். நிமலன் நின்றுகொண்டே பேசினான். கையில் கறுப்புக் காபி. கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல இருந்தது.

"ஒண்ணும் தெரியல ஆன்ட்டி. கண்ண மூடினேன், தொறந்தேன். அவ்வளவுதான். ஃபிரெண்ட்ஸ்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. அப்பா இளைச்சுட்டாரு. அதான் வித்தியாசம்."

"ராத்திரி நல்லாத் தூங்குறியாப்பா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். பதிலைக் கற்பகம் சொன்னாள். "தூங்க மாட்டேங்கிறான் வடிவு. உக்காந்தா அசந்துருவோமோன்னு உக்கார மாட்டேங்கிறான். நானும் அவங்கப்பாவும் முறை வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருக்கோம். 'பத்து நிமிஷத்துல எழுப்பிடுறேன்டா'ன்னு சத்தியம் பண்ணினாத்தான் கண்ண மூடுறான்."

இவர் அதைக் கேட்காதவர்போல, "இப்ப டேட் நல்லா நகருது போல இருக்கே?" என்று நிமலனிடம் கேட்டார்.

"எனக்கு நகர்ந்துச்சு அங்கிள். ஒங்களுக்கு நகராது." நிமலன் மரியாதையாகத்தான் சொன்னான். "முன்னாடியெல்லாம் மாசாமாசம் பசங்களுக்கு இருபத்தொண்ணு ஆகும், பேரு உதிரும், வரிசை கொறையும். இப்ப யாரும் உதிர்றதில்ல. எல்லாரும்தான் தூங்கறாங்களே. நாங்க தூங்கறதால வரிசை நீளுது, வரிசை நீள்றதால இன்னும் தூங்கறோம்."

திரும்பும்போது காரில் நான் பாண்டியனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு கம்பெனியில் சரக்கு எப்போது வந்து சேரும் என்று கணித்துச் சொல்லும் வேலையில் இருப்பவர். நிமலன் சொன்ன கணக்கு அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்துகொண்டே ஒரு வருடமாக என்னிடம் "வந்துரும்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஸ்டலுக்குப் போனோம். மதினி ராஜபாளையம் ஜோசியரிடம் நேரம் கேட்டு அனுப்பியிருந்தார், இங்கத்து நேரத்துக்கா அங்கத்து நேரத்துக்கா என்று அவருக்கே குழப்பம். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கனடாவுக்கு ஒரு விரல் அழுத்தினால் போதும். அழுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் அதற்கு அர்த்தம்.

மார்த்தா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தாள். நிதானமானவள். சாருவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "தூங்கும் ஒவ்வொருவருக்கும் எழுப்ப வேண்டியவர் என்று ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் காரணம் கேட்காமல் எழுப்புவோம். அவர் சொல்லாமல் யார் சொன்னாலும் எழுப்ப மாட்டோம். உனக்கு யார்?"

"நான்தான்" என்றார் பாண்டியன்.

"அவள் சொல்லவேண்டும். அதற்கு முன் உங்களிடம் சில கேள்விகள் கேட்பேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உங்கள் முறை வரவில்லை என்று வையுங்கள். எத்தனை வருடம் பார்த்துவிட்டு மகளை எழுப்புவீர்கள்?"

"முறை வந்துவிடும்."

"வரவில்லை என்றால்?"

"கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்."

"ஆறு வருடம்? பத்து?"

இவர் மேசையைப் பார்த்தார். "பத்து வருஷம் தூங்கினவளை, அடுத்த வருஷம் டேட் வர்ற நேரத்துல எழுப்பினா, அந்தப் பத்தும் வீணாப் போயிடுமே" என்று தமிழிலேயே முணுமுணுத்தார். மார்த்தாவுக்குப் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

மார்த்தா என் பக்கம் திரும்பினாள். "நீங்கள்?"

"இப்பவே எழுப்பிருவேன்" என்றேன்.

"அவள் இன்னும் தூங்கவே இல்லையே."

"அதனாலென்ன?"

மார்த்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரு சிரிக்கவில்லை. மார்த்தா திரையில் அவள் பெயரைத் தேடினாள், புருவத்தைச் சுருக்கினாள், மறுபடி பார்த்தாள்.

"உன்னைச் சேர்க்க முடியாது போலிருக்கிறதே. நீயே ஒருவரை எழுப்ப வேண்டியவளாகப் பதிவாகியிருக்கிறாய். எழுப்ப வேண்டியவர் தூங்கக் கூடாது, இந்த நாட்டை விட்டுப் போகவும் கூடாது. அந்த உரிமையை முதலில் மாற்றிக் கொடுக்கவேண்டும். தூங்குபவரின் பெற்றோருக்கு மட்டும்தான் மாற்றலாம்."

"தெரியும்" என்றாள் சாரு.

"யார எழுப்பணும் நீ?" என்றார் இவர்.

"ஜெனிக்காவ."

மார்த்தா எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். நல்லவள்.

"ஸ்டெல்லா எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"ஆன்ட்டிக்குத் தெரியாதும்மா. அக்கா மேஜர், அவ இஷ்டம். யாரு பேருன்னு இவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. அவங்க வீட்ல அவ அப்பா அருள் அங்கிள்தான்னு நினைச்சிட்டிருக்காங்க."

"சரி, அதுக்கென்ன இப்போ? பெத்தவங்க பேருக்கே மாத்திக் கொடுத்துரு" என்றார் பாண்டியன். "அதுதான் மொறையும்கூட."

சாரு அப்பாவை நேராகப் பார்த்தாள். என் மகள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "அப்பா, இப்ப நீங்க சொன்னீங்கள்ல, அந்தப் பத்து வருஷமும் வீணாப் போயிடும்னு. அருள் அங்கிளும் அன்னிக்கு இதே ரூம்ல உக்காந்து இதையேதான் சொன்னாராம். அதக் கேட்டுட்டுத்தான் ஜெனிக்கா என் பேரச் சொன்னா."

இவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் ஒன்ன எழுப்ப மாட்டேன்னா நினைக்கிறே?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"எழுப்பணும்னுதாம்ப்பா தினமும் நினைப்பீங்க. ஒவ்வொரு மாசமும், அடுத்த மாசம் டேட் வந்துரும்னு தள்ளிப் போடுவீங்க."

அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது ஒரு தரம். அது இரண்டாம் தரம். எனக்கும் அழுகை வந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஜெயித்துவிட்டேன், கனடாதான் என்று. மகள் அடுத்துச் சொன்னது அந்தச் சந்தோஷத்தைத் துடைத்துப் போட்டது.

"கனடா போறதா இருந்தாலும் அதே கதைதான். இந்த நாட்ட விட்டுப் போகக் கூடாது நான். அன்னிக்கே ஜெனிக்கா சொன்னா, 'நீங்க எப்பயாச்சும் கெளம்பினா என்ன இங்க விட்டுட்டுப் போயிராத. எழுப்பிட்டுப் போ'ன்னு. சத்தியம் வாங்கிக்கிட்டா. அதான் நான் எதுக்குமே பதில் சொல்லல. தூங்கினா அவள அங்கிள் கையில கொடுக்கணும். கெளம்பினா எழுப்பணும். எழுப்பினா அவளுக்கு வயசு ஏறும். நாலு மாசத்துல பேரு உதிர்ந்துரும். ஆன்ட்டி நம்ம மொகத்துல முழிக்க மாட்டாங்க."

இரண்டு வருடம் இதை ஒரு பிள்ளை தனியாகச் சுமந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த உரிமையை ஸ்டெல்லா பேருக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்துரு. அவ பிள்ளை, அவ பாத்துக்குவா" என்றேன். இந்தப் பரதேசத்தில் எனக்கிருந்த ஒரே சிநேகிதியை இழக்க மனம் வரவில்லை. என் பிள்ளை விழித்திருந்தால் போதும், அடுத்தவள் பிள்ளை தூங்கட்டும் என்று ஆகிவிட்டது.

"அம்மா, நீயுமா?" என்றாள் சாரு.

பாண்டியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெஜைனாவுல குளிர் எப்படி இருக்கும்?"

"பயங்கரமா இருக்குமாம்."

"சரி, அழுத்து" என்றார். அழுத்தினேன்.

ஜெனியை எழுப்பிவிட்டுத்தான் கிளம்புகிறோம் என்பதை ஸ்டெல்லாவிடம் நான்தான் சொல்லவேண்டும் என்று எனக்கே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில், டிக்கியைத் திறக்காமலேயே சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு வாசலைப் பார்த்தாள், சாரு எப்போதும் தடையில்லாமல் உள்ளே போய்வருவதை நினைத்திருப்பாள்.

"உம் மவளுக்கு ஒரு வழி கெடச்சிட்டு. போ, நல்லாரு. எம் மவளுக்கு எதுக்குட்டி குழி தோண்டுக?"

"ஜெனி கேட்டிருக்கா ஸ்டெல்லா. அவ ஆசை அது."

"அவ சின்னப் பிள்ளை. இருபது வயசுல அவளுக்கு என்ன தெரியும்? இன்னும் கொஞ்ச நாளு. ஒரு தூக்கம்லா? அதுக்குள்ள எழுப்பி, நாலு மாசத்துல தெருவுல விடணுமா? லாட்டரி விழாட்டா எங்கிட்டு அனுப்புவேன் நான்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"எழுப்புத அன்னைக்கு நான் வரமாட்டேன்" என்றாள். "எம் பிள்ளைக்கு வாழ்க்கை போறத என்னால பாக்க முடியாது. உம் மூஞ்சியையும் இனி பாக்க மாட்டேன்."

கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். மற்ற டிக்கிகளின் அருகே நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அன்று எங்கள் சோற்றை யாரும் தொடவில்லை.

எழுப்புகிற அன்று செருப்புக்கடைத் தளத்தில் சாருவும் நானும் பாண்டியனும் மட்டும் நின்றோம். மார்த்தா, "நிச்சயம்தானே?" என்று ஒரு முறை கேட்டாள். சாரு தலையசைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன், உதறிவிட்டாள்.

உடம்பு சூடேற வெகுநேரம் பிடித்தது. கன்னத்தில் முதலில் நிறம் வந்தது. பிறகு விரல்கள் அசைந்தன. ஜெனி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், பிறகு குனிந்து நின்ற சாருவைப் பார்த்தாள். தன் வயதில் ஒருத்தி நிற்பதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

"சாருவா? வளந்துட்ட." குரல் சொரசொரத்தது. "டேட் வந்துட்டா?"

"இல்லக்கா. நாங்க கெளம்புறோம். அதான் எழுப்பினேன்."

ஜெனி மறுபடி கண்ணை மூடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. கோபமா, நிம்மதியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாருவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அம்ம எங்க?" என்று கேட்டாள்.

அப்போது எங்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. வரமாட்டேன் என்றவள் வந்து எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ தெரியவில்லை. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மகளின் தலைமாட்டில் நின்றாள் ஸ்டெல்லா. அழவில்லை. திட்டவும் இல்லை. சுருங்கிக் கிடந்த போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

ஜெனி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி அம்மாவின் காதோர முடியைத் தொட்டாள்.

"ஏம்மா, இப்படி நரைச்சுப் போச்சு?"

"நீ இல்லாம பின்ன கறுக்கவா செய்யும்?" என்றாள் ஸ்டெல்லா.